கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்து

டில்வுட், மிசிசிப்பி
பிப்ரவரி 15, 2019

அன்புள்ள எர்னஸ்டின் அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. பருத்தி பறித்துப் பழகிய கை, பென்சிலைக் கோடரிக் காம்பு மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. இந்த இடத்துக்கு வருவதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது. ஆனால் பார், இதை எழுதுவது நான்தான். பாதிரியாரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் இல்லை. எழுபத்தேழு வயதான உன் தம்பி கிளியோபஸ்.

உனக்குக் காது போன பிறகு நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நான் போனில் கத்துவேன், நீ "என்ன? என்ன?" என்பாய். நீ போனில் எழுதி அனுப்புவாய், எனக்கு அது எறும்பு வரிசை. நீ மில்வாக்கியில், நான் இங்கே, நடுவில் இப்படியே வருடங்கள் போய்விட்டன. அதனால்தான் நூலகத்தில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இப்போது வகுப்பில் என் வாயை அடைக்கத்தான் ஆள் வேண்டும்.

அக்கா, உலகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள்! மிளகாய் சாஸ் பாட்டிலை ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தேன். மாத்திரை டப்பாவில் "சாப்பாட்டுடன்" என்று இருக்கிறது, நான் இத்தனை காலம் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறேன். சர்ச்சில் வீசிக்கொள்ளும் விசிறியின் பின்பக்கம் சவ அடக்கக்காரரின் விளம்பரம் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பிரசங்கத்தின் நடுவில் சிரித்துவிட்டேன், முன்வரிசை மூதாட்டி மதர் லூவெனியா என்னை முறைத்தார்.

இப்போது முக்கியமான விஷயம். நூலகத்தில் கிடக்கிற பேப்பர் ஒன்றே ஒன்றுதான், டில்வுட் பேனர். எழுத்து எழுத்துதானே என்று அதை எடுத்தேன். முதல் பக்கம் கஷ்டமாக இல்லை. கடைசிப் பக்கத்தில் எள் மாதிரி சின்ன எழுத்து. கண்ணாடியை நெருக்கிப் பிடித்துப் பார்த்தால் அப்பாவின் பெயர்! ஐசம் டேட்டம், ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல். அப்பாவின் பெயரை என் கண்ணால் படித்தது அதுதான் முதல் முறை. மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு பழைய பயம் எட்டிப் பார்த்தது. இந்தப் பேப்பர் அவர் பெயரைப் போட்டபோது என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து அதை அப்படியே எழுதி எடுத்தேன்:

"காலமான ஐசம் டேட்டம் என்பவரின், தக்க முறையில் தேடியும் இருப்பிடம் கண்டறிய இயலாத வாரிசுகள் அனைவருக்கும் அறிவிப்பது. பெர்ச் ஓடையை ஒட்டிய நாற்பது ஏக்கர் நிலத்தைப் பொது ஏலத்தில் விற்றுப் பங்கிடக் கோரி மனு தாக்கலாகியுள்ளது. உரிமை கோருவோர் மார்ச் 28 அன்று காலை நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். தவறினால் அவர்களைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்படும்."

சொற்களைப் படித்துவிட்டேன். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. நீ பள்ளிக்கூடம் போனவள். நம் நிலத்தையா சொல்கிறார்கள்?

உன் தம்பி,
கிளியோபஸ் டேட்டம்
(கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது அல்லவா?)


மில்வாக்கி
பிப்ரவரி 24

என் கிளியோ,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்து முதலில் யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிறகு கீழே பெயர். சமையலறையில் நின்றபடியே அழுதேன், அடுப்பில் கீரை தீய்ந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

அடுத்து உன்னைத் திட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்ததும் முதலில் போய் எடுத்தது பேனரையா? உலகத்தில் வேறு காகிதமே கிடைக்கவில்லையா?

அன்று அப்பாவின் பெயர் பேனரில் வந்தபோது நீ வயலில் இருந்தாய். அதை அவருக்குப் படித்துக் காட்டியது நான். அறுபத்திரண்டில், கறுப்பர்கள் ஓட்டுக்குப் பதிந்தால் வெள்ளைக்காரர்கள் சும்மா விடாத காலத்தில், அப்பா ஓட்டுக்குப் பதியக் கோர்ட்டுக்குப் போனார். பேனர் அவர் பெயரையும் நம் வீடு இருக்கும் சாலையையும் போட்டது, இரண்டு வாரம். யாரைக் கவனிக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆலைக்காரன் நம் பருத்தியை வாங்க மறுத்தான், வண்டியிலேயே மழையில் நனைந்து கறுத்தது. அப்புறம் ஜன்னல் வழியே சுட்டார்கள். அப்பா சாகும்வரை காலை இழுத்து நடந்தார். அதற்கும் அதே பேப்பர் என்ன எழுதியது தெரியுமா? "வீட்டுக்காரரே விளம்பரத்துக்காகச் சுட்டுக்கொண்டிருக்கலாம்." அதையும் நான்தான் படித்துக் காட்டினேன். அவர், "இனிமே இந்தக் காகிதம் நம்ம வாசப்படி ஏறக்கூடாது. மீன் மடிக்கக்கூட வேணாம்" என்றார். டில்வுட்டில் நம்மவர் வீடு எதிலும் அது ஏறவில்லை.

இப்போது அதே பேப்பர் சொல்கிறது, நீ நம்புகிறாய்.

சகோதரர் ஆம்ப்ரோஸ் என்று ஒருவர் இருக்கிறார். போனில் வீடியோவில் பேசுவார், பேசுவது கீழே எழுத்தாக ஓடும், அதனால் எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் மக்களின் நிலம் எப்படிப் போனது என்று அவர் சொல்வதைப் பார். தேதி, ஊர், ஆலைக்காரன், ஷெரிப், எல்லாம் அப்படியே இருக்கும். நம் வீட்டில் இருந்து பார்த்தவர் போலப் பேசுவார். அவர் சொல்கிறார்: இந்த அறிவிப்புகள் கண்ணி. பதில் சொன்னாலோ, கோர்ட்டில் போய் நின்றாலோ, அவர்களுக்கு உன் மேல் அதிகாரம் இருக்கிறது என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும். பதில் சொல்லாதவனின் நிலத்தைத் தொட முடியாது.

ஆகவே பேசாமல் இரு. போகாதே.

எர்னஸ்டின்


டில்வுட்
மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆசைக்காக இரண்டு முறை, பயத்தில் இரண்டு முறை.

சனிக்கிழமை பர்விஸின் சலூனுக்கு பேனரைக் கொண்டு போனேன். அவன் கத்தரியை நிறுத்திவிட்டான்.

"கிளியோ மாமா, அந்தக் கருமத்தை என் கடைக்குள்ள கொண்டாந்தியா? எங்கப்பா இருந்திருந்தா உன்னையும் அதையும் சேத்து வெளிய எறிஞ்சிருப்பாரு."

"எறியிறதுக்கு முன்னாடி கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருப்பேன்டா."

"நான் எதுக்குப் படிக்கணும்? நம்ம மூஞ்சி அதுல வந்தா கைவிலங்கோடதான் வரும்."

பாதித் தலை மழித்து உட்கார்ந்திருந்த ஹோசியா சொன்னான்: "விலங்கு இல்லாம வந்தா செத்துட்டோம்னு அர்த்தம்."

"செத்தாலும் சும்மா போடமாட்டான், காசு கேப்பான்!" என்றான் பர்விஸ்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்று அறிவிப்பைப் படித்தேன். விரலை வைத்து, திக்கித் திக்கி. யாரும் கேலி செய்யவில்லை. பர்விஸ் கேட்டான்: "தேடினாங்களாமா? வாராவாரம் இந்த ஜன்னலுக்குக் கீழதான நீ உக்காந்திருக்க? உன்னைத் தேடி ஒரு கொசுகூட வரலையே."

பிறகு அவன் வண்டியில் பெர்ச் ஓடைக்குப் போனோம். நிலத்தைச் சுற்றிக் கட்டை அடித்து ஆரஞ்சு நாடா கட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டை அம்மாவின் கல்லறைத் தலைமாட்டில். அங்கே நான் ஒரு காரியம் செய்தேன். குனிந்து பாசியைச் சுரண்டி அம்மாவின் கல்லைப் படித்தேன். அப்பா ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறியது. "ஐடெல்லா. நல்ல மனைவி. உறங்குகிறாள்." அவ்வளவுதான். இத்தனை வருடம் அந்தக் கோடுகளைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன், அவள் நல்லவள் என்று அங்கே எழுதியிருப்பது தெரியாமல்.

திங்கட்கிழமை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் பெண்ணைப் பார்த்தேன். விஷயம் இதுதான். இறந்துபோன நம் அண்ணன் ரூபனின் மகன், நாம் பார்த்தே இராத பையன், கலிபோர்னியாவிலிருந்து தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். ஒரு பங்கு வாங்கியவன் முழு நிலத்தையும் ஏலத்துக்கு இழுக்கலாமாம். ஏலத்தைத் தடுப்பது கஷ்டம் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆனால் நாமும் வாரிசுகள் என்று காட்டினால், கல்லறை இருக்கிற மூலையை மட்டும் நமக்குப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். உனக்கும் எனக்கும் பிறப்புச் சான்று கிடையாது. அம்மா பைபிளின் நடுவே பிறப்பு, இறப்பு எழுதிய பக்கம் போதுமாம். இல்லையென்றால் இருக்கிறவர்களில் மூத்தவள் நீ, நோட்டரி முன்னால் உட்கார்ந்து, கிளியோபஸ் ஐசமின் மகன்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும்.

பேப்பரைப் பற்றி நான் யோசித்தேன், அக்கா. எனக்கு நேரம் இருக்கிறது. முதல் பக்கத்தில் அவர்கள் சொல்ல விரும்பியது இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சட்டம் சொல்ல வைத்தது இருக்கிறது. அங்கும் ஒரு பொய் இருக்கிறது, தேடினோம் என்பது. ஆனால் தேதி பொய்யில்லை. அந்தக் கட்டையும் நாடாவும் பொய்யில்லை. எனக்கு பேனரைப் பிடிக்க வேண்டியதில்லை. அது எந்த இடத்தில் நிஜம் சொல்கிறது என்று தெரிந்தால் போதும்.

உன் ஆம்ப்ரோஸ் சொல்வதில் பத்தில் ஒன்பது உண்மை. அதை நீயும் நானும் வாழ்ந்தோம். பத்தாவதை யார் சரிபார்த்தது?

பைபிளை அனுப்பு. நான் கெஞ்சுகிறேன்.

கிளியோ


மில்வாக்கி
மார்ச் 14

கிளியோபஸ்,

ஆறு மாதம் படித்துவிட்டு எது உண்மை எது பொய் என்று எனக்கே பாடம் நடத்துகிறாய். நான் அந்த ஊரை விட்டு எதற்காக ஓடினேன் என்று நினைக்கிறாய்? அந்தப் பேப்பரில் என் பெயர் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்றுதான்.

பைபிள் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் இல்லை. உன் முதல் கடிதம் வந்த வாரமே சகோதரர் ஆம்ப்ரோஸின் ஆட்களுக்கு எழுதினேன். மூலப் பக்கம்தான் வேண்டும், நகல் செல்லாது என்றார்கள். அதை வைத்து நம் நிலத்தை இந்தக் கோர்ட்டுச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டு, முத்திரையோடு திருப்பி அனுப்புவார்கள். பிளேடால் ஓரமாக, கவனமாக வெட்டி அனுப்பினேன், எதுவும் கிழியவில்லை.

நோட்டரியிடம் போக மாட்டேன். நோட்டரி கோர்ட்டுக்காரர்களுடைய ஆள்.

நம் நிலத்தின் மேல் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லும் ஒரு பிரகடனம் இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் சிவப்பு மையில் இருப்பது, சகோதரர் சொன்னபடி நான் வைத்த என் கட்டைவிரல் ரேகை. ஓடைப் பக்கத்து ஓக் மரத்தில் கண்ணுயரத்தில் அடித்து வை. எனக்காக இதைச் செய். நான் உன் அக்கா.

எ.


டில்வுட்
மார்ச் 29

அக்கா,

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பர்விஸ் கடையைப் பூட்டிவிட்டு எனக்குச் சாட்சி சொல்ல வந்தான்.

கம்பெனி வக்கீல் இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான். பர்விஸிடம் கேட்டான்: "இவர் பிறந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"நீ பிறந்தப்ப நீ இருந்தியே, ஏதாவது ஞாபகம் இருக்கா?"

சிலர் சிரித்தார்கள். ஜட்ஜ் சுத்தியலைத் தட்டினார். பர்விஸ் எனக்கு இருபது வயது இளையவன், அவன் வார்த்தை பிறப்புக்குச் சாட்சி ஆகாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திரு. டேட்டம், காகிதம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

என் கோட்டின் உள்பையில் ஒரே ஒரு காகிதம் இருந்தது. உன்னுடையது. அதை நான் மரத்தில் அடிக்கவில்லை, அதற்கு என்னைத் திட்டிக்கொள். அங்கே எடுத்துக் காட்டவும் இல்லை. உன் கட்டைவிரலைப் பார்த்து அந்த அறையில் யாராவது சிரித்திருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

"இல்லைங்க" என்றேன்.

"தேடியதாகச் சொல்வது பொய், நான் இந்த ஊரை விட்டுப் போனதே இல்லை" என்றும் சொன்னேன். அதற்கு அவர், "பேனர்ல மூணு வாரம் வந்திருக்கு. சட்டத்துக்கு அது போதும். ஊர்ல எல்லாரும் படிக்கிற பேப்பர்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைக்கிறார்.

ஏலத்துக்கு உத்தரவு போட்டுவிட்டார்கள். மூலையும் சேர்த்து.

நான் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிடு.

கிளியோ


மில்வாக்கி
ஏப்ரல் 10

தம்பி,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு உறைக்குள் வைக்கிறேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டு ஆம்ப்ரோஸின் ஆட்களுக்குப் போன மாதத்திலிருந்தே மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவது, அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் மட்டும் போனில் தினமும் வருகிறார். நேற்றும் வந்தார், நீல நிற சூட். ஆயிரக்கணக்கானவர்கள் கீழே "ஆமென்" என்று எழுதுகிறார்கள். நான் என் பக்கம் எங்கே என்று எழுதினேன். சிறிது நேரத்தில் நான் எழுதியதைக் காணவில்லை. பிறகு என்னால் அங்கே எழுதவே முடியவில்லை.

அம்மா எழுதிய பக்கம் அது. உன் பிறப்பு, ரூபனின் பிறப்பு, பிறந்த அன்றே போய்விட்ட குழந்தையின் பெயர். அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்ததற்கு வேறு எங்கும் அடையாளம் இல்லை. நான் அதைக் கையால் வெட்டிக் கொடுத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றைச் சொல்கிறேன், திட்டாதே. அவர் பொய்யர் என்று என் வாயில் வர மாட்டேன் என்கிறது. அப்படிச் சொன்னால், அப்பாவே தன் வீட்டைச் சுட்டுக்கொண்டார் என்று எழுதியவர்கள் உண்மை சொன்னவர்கள் ஆகிவிடுவார்களே. நான் எந்தப் பக்கம் போய் நிற்பது, கிளியோ? என் எண்பத்தொரு வயதில் எனக்கு மூன்றாவது பக்கம் ஒன்று யார் காட்டியிருக்கிறார்கள்?

எனக்கு இனி எழுத வேண்டாம். உன் எழுத்து நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குத்தான் முகம் இல்லை.

எர்னஸ்டின்


டில்வுட்
மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் புதிதாகப் படித்தவன், சில வார்த்தைகள் இன்னும் எனக்குப் புரிவதில்லை.

நிலம் போய்விட்டது. கோர்ட்டு வாசல் படிக்கட்டில் ஏலம் விட்டார்கள், கம்பெனிக்காரனே எடுத்தான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலி வந்துவிட்டது. கல்லறைகளைத் தொட மாட்டார்களாம். ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால் அவர்கள் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். எழுதினேன். பதில் வரவில்லை.

இந்த வார பேனரின் முதல் பக்கத்தில் பெரிய படம். புதுத் தொழிற்சாலைக்காக நான்கு பேர் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே எழுதியிருக்கிறது: "பல ஆண்டுகளாக யாருக்கும் பயன்படாமல் கிடந்த காலி நிலம்." அப்பா இருபது வருடம் உழுததும், அம்மா தூங்குவதும் காலி நிலம். நீ சொன்னது சரிதான். முதல் பக்கம் மாறவே இல்லை.

அதனால் உன்னைப் பக்கம் மாறி நிற்கச் சொல்லவில்லை. ஆம்ப்ரோஸைப் பார்க்காதே என்றும் சொல்ல மாட்டேன். நீ தனியாக இருக்கிறாய், அந்த எழுத்து ஓடினால் வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். அவர் சொல்வதில் ஒன்றை எழுதி எனக்கு அனுப்பு. நான் இங்கே நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன். பேனரில் ஒன்றை எழுதி நான் உனக்கு அனுப்புகிறேன், நீ அதைக் கிழித்துத் தொங்கவிடு. உன் அளவுக்கு அதைத் திட்டத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

அந்தக் குழந்தையின் பெயரை எழுது. எனக்கு மறந்துவிட்டது. நீ எழுதினால் இரண்டு இடத்தில் இருக்கும்.

சலூனில் ஒரு சண்டை நடந்தது. பர்விஸ் பேனருக்குச் சந்தா கட்டிவிட்டான். ஹோசியா பாதி மழிக்கும்போதே எழுந்து போய்விட்டான், இனிமேல் வேறு கடையில்தான் மழித்துக்கொள்வானாம். மறுவாரம் வந்து வாசலில் நின்றான்.

"உள்ள வாடா, ஒரு பக்கம் மட்டும் தாடி வளத்துட்டு நிக்கிற."

"அந்தக் காகிதம் உள்ள இருக்கற வரைக்கும் வரமாட்டேன். கதவைத் தொறந்து வை, இங்கிருந்தே கேக்குறேன்."

வியாழக்கிழமைகளில் நான் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். ரேடியோவை அணைத்துவிடுகிறார்கள். சமையல் குறிப்பு இல்லை, கால்பந்து இல்லை, தேடியும் கிடைக்காதவர்கள் என்று போட்டிருக்கிற பெயர்கள் மட்டும். மெதுவாகத்தான் வருகிறது எனக்கு. அவசரப்படுத்த யாரும் இல்லை.

நேற்று நம்மவர் பெயர்கள் நான்கு இருந்தன. இரண்டு பேர் செத்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது பெயரைப் படித்ததும் வாசலில் நின்ற ஹோசியா உள்ளே வந்துவிட்டான். அது அவன் மாமியார். நான்காவது ஆர்லீதா பக்னர், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பச்சை வீடு. தனிக்கட்டை. பேனர் என்றாலே கதவைச் சாத்துகிறவள், நாய் வேறு வைத்திருக்கிறாள். நாளைக் காலை நான் போய்த் தட்டப் போகிறேன். முதலில் நம் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல். திறந்தாளா இல்லையா என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன் தம்பி,
கிளியோபஸ்